அத்தையும் மாப்பிள்ளையும் வாங்கிய ஸ்டாண்டு

கண்ணாடிக்காரனுக்கும் அவனுடைய மாமியாருக்கும் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. சண்டை போடுகிற அளவுக்கு அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை.

அவன் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். நாள் முழுக்க எறும்புத் தலை அளவு திருகாணிகளோடு குடித்தனம் நடத்துகிறவனுக்குக் குரலும் அந்த அளவுதான். அத்தையோ பெண்கள் பள்ளியில் காலமெல்லாம் விளையாட்டு டீச்சராக இருந்தவர். விசில் ஊதாமலே மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல். ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்தபோது அந்தக் குரலை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வந்தார். மாப்பிள்ளை அமைதியானவர், சத்தம் போட்டால் என்ன நினைப்பாரோ என்று அவருக்குப் பயம். டீச்சரம்மா கண்டிப்பானவர், வாயைத் திறந்தால் தப்புக் கண்டுபிடிப்பாரோ என்று இவனுக்கு.

நடுவில் மாட்டிக்கொண்டவள் மனைவி. அவளுக்கு மாநாடுகளில் மொழிபெயர்க்கிற வேலை. வெளியிலும் அதே பிழைப்பு, வீட்டிலும் அதே பிழைப்பு. "அவருக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வேணுமான்னு கேளு" என்று அத்தை சொல்வார், அவன் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பான். மனைவி திரும்பி அதையே கேட்பாள். "போதும்னு சொல்லு" என்பான். அவள் அம்மாவிடம் போதுமாம் என்பாள். மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் இருப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு மாநாட்டுக்காக வேறு ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டாள். போகும்போது இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாயால் பேசினால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் பேசவில்லை. செருமினார்கள். அத்தை ஒரு தடவை செருமினால் சாப்பாடு தயார். அவன் செருமினால் கடைக்குக் கிளம்புகிறான். இரவில் இரண்டு செருமல் கேட்டால் கதவைப் பூட்டியாயிற்று என்று பொருள். சளி பிடித்த வீடு போல இருந்தாலும் காரியம் நடந்துகொண்டுதான் இருந்தது.

விடுமுறை நாள் காலையில் கண்ணாடிக்காரன் மோட்டார் சைக்கிளைச் சரிபண்ண இறங்கினான். செயின் லூசாகி, வண்டி போகும்போதெல்லாம் தகரப் பெட்டியைக் கயிறு கட்டி இழுத்துப்போவது போலச் சத்தம் போட்டது. வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் கடையை மூடிவிட்டார். கண்ணுக்கே தெரியாத திருகாணியை முடுக்குகிறவனுக்கு இந்தச் செயின் எம்மாத்திரம் என்ற நினைப்பில், மண்ணெண்ணெய், பிரஷ், பழைய துணி எல்லாம் எடுத்துக்கொண்டு அடுக்குமாடிக்கு முன்னால் திறந்தவெளியில் இருந்த பார்க்கிங்குக்குப் போனான்.

அங்கே போனதும்தான் விஷயம் உறைத்தது. அந்த வண்டிக்கு சைடு ஸ்டாண்டு மட்டும்தான். பின்சக்கரம் தரையில் இருக்கும்வரை சுற்றாது, சக்கரம் சுற்றாவிட்டால் செயினின் மறுபக்கம் கைக்கு வராது. எனவே ஒரு சாண் தேய்த்தான், வண்டியைக் கொஞ்சம் உருட்டினான், மறுபடி ஒரு சாண் தேய்த்தான். இப்படியே போனதில் சுவர் வந்துவிட்டது. பின்னால் உருட்டினான். எங்கே ஆரம்பித்தோம் என்பது மறந்துபோயிற்று.

இதையெல்லாம் முதல் மாடி பால்கனியிலிருந்து அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு முறை வாயைத் திறந்து நான்கு முறையும் மூடிக்கொண்டார்.

அந்த நேரம் மேல் மாடியில் டிரம்ஸ் வாசிக்கிற இளைஞன் வெளியே கிளம்பி வந்தான். அவனிடம் ரேஸ் வண்டி ஒன்று உண்டு. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டும் உண்டு. பெரிய ப எழுத்தைப் படுக்கவைத்தது போல இரும்புக் குழாயால் வளைத்த சாமான், கீழே இரண்டு சின்னச் சக்கரம், மேலே இரண்டு கொக்கி. அதை எடுத்துக் கொடுத்து, எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போய்விட்டான். எல்லா வண்டிக்கும் பொருந்தாது. கொக்கி உட்காருவதற்கென்று வண்டியின் பின்பக்கம் இரண்டு குமிழ் இருக்கவேண்டும். கண்ணாடிக்காரனுடைய வண்டியில் அது கிடையாது. அது அப்போது அவனுக்குத் தெரியாது.

ஒருவர் வண்டியை நேராகப் பிடிக்கவேண்டும், இன்னொருவர் ஸ்டாண்டை அழுத்தவேண்டும். அவன் அண்ணாந்து பார்த்தான். அத்தை நின்றிருந்தார். அவன் ஒரு தடவை செருமினான்.

அவ்வளவுதான். அத்தை டிராக் பேன்ட்டும் நாடா இறுக்கிக் கட்டிய ஷூவுமாக இறங்கி வந்துவிட்டார். ஷூவை எப்போது மாட்டினார் என்பது அவருக்கே தெரியாது. வண்டியின் இடது பக்கம் போய் ஒரு கையால் ஹேண்டில்பாரையும் இன்னொரு கையால் சீட்டின் பின்கம்பியையும் பிடித்தார். இவன் பின்னால் போய் ஸ்டாண்டைச் செருகி அழுத்தினான். வண்டி மேலே எழுந்தது. பின்சக்கரம் தரையை விட்டு விலகியது. இருவர் முகத்திலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்தது.

டக்கென்று வலது கொக்கி நழுவியது.

வண்டி வலது பக்கம் சாய்ந்தது. அவன் பாய்ந்து போய்த் தோளைக் கொடுத்தான். அத்தை இந்தப் பக்கம் இழுத்துப் பிடித்தார். சைடு ஸ்டாண்டு இருப்பதோ இடது பக்கம், வண்டி சாய்வதோ வலது பக்கம். இடது பக்கமே சாய்த்துவிடலாம் என்றால் அந்தப் பக்கத்துக் கொக்கி செயினுக்குள் வசமாக மாட்டிக்கொண்டு அசைய மறுத்தது. இவன் விட்டால் வண்டி இவன் மேல், அவர் விட்டாலும் இவன் மேல்தான்.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பார்க்கிங்கில் ஈ காக்கை இல்லை. அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவியாகத்தான் இருக்கும். எடுக்கக் கை ஏது? அடித்து ஓய்ந்தது.

"மாப்பிள்ளை" என்றார் அத்தை. நேராக அவனைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை. "தோள் வலிக்குதா?"

"இல்ல அத்தை. உங்களுக்குக் கை?"

"அதெல்லாம் இல்ல."

இரண்டும் பொய். இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது. சும்மா நிற்பது இன்னும் கஷ்டமாக இருந்ததால் அவன், பேச வேண்டுமே என்று, சாயங்காலம் டிவி செய்திச் சத்தம் அவருக்குத் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டான். தினமும் சாயங்காலம் அந்த வீட்டில் செய்திதான் ஓடும். அத்தை கொஞ்சம் யோசித்தார்.

"உங்களுக்குப் பிடிக்குமேன்னுதான் நான் உக்காந்து பாக்கறேன். எனக்குச் செய்தியே ஆகாது."

"எனக்கும் ஆகாது அத்தை. உங்களுக்குப் பிடிக்கும்னு அவதான் சொன்னா."

"எங்கிட்ட உங்களுக்குப் பிடிக்கும்னு சொன்னா."

வண்டிக்கு மேலாக இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப உங்களுக்கு என்னதான் பிடிக்கும்?" என்று அவன் கேட்டான்.

"குத்துச்சண்டை" என்றார் அத்தை, குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி. "உங்களுக்கு?"

"கார்ட்டூன்."

அத்தைக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார், அது மூக்கு வழியாகப் புறப்பட்டது. அதைக் கேட்டு இவனுக்கும் வந்துவிட்டது. வண்டி இரண்டு பக்கமும் தள்ளாடியது.

"சிரிக்காதீங்க அத்தை, வண்டி ஆடுது."

"நீங்க முதல்ல நிறுத்துங்க."

நிறுத்தமுடியவில்லை. எத்தனையோ மாலை நேரங்கள் உர்ரென்று உட்கார்ந்து நாட்டு நடப்பைப் பார்த்ததை நினைக்க நினைக்க அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டது, ஏற்றிவிடக் கை இல்லை. அதைப் பார்த்து அத்தைக்கு இன்னும் சிரிப்பு. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்:

"மாப்பிள்ளை, தப்பா நினைக்க மாட்டீங்களே? நான் கத்தலாமா?"

"தாராளமா கத்துங்க அத்தை."

அத்தை மூச்சை உள்ளே இழுத்தார். பூட்டி வைத்த பெட்டி திறந்தது.

"எல்லாரும் கீழ இறங்கு! ஓடி வா!"

கண்ணாடிக்காரன் ஆடிப்போனான். மேலே ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. பக்கத்துத் தெருவில் ஒரு நாய் குரைக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டது. முதலில் வந்தவர் எதிர் வீட்டுப் பல் டாக்டர், வாய் நிறையப் பற்பசை நுரையோடு. பின்னால் தண்ணீர் கேன் போட வந்தவர் தோளில் கேனோடு. இன்னும் ஐந்தாறு பேர். வந்தவர்கள் ஏனென்று தெரியாமலே வரிசையாக நின்றார்கள். அத்தை தலையால் காட்டிக்கொண்டே ஆளுக்கு ஒரு இடம் ஒதுக்கினார். நீங்க பின்னாடி, நீங்க அந்தப் பக்கம், டாக்டர் நீங்க போய் வாயைக் கொப்பளிச்சிட்டு வாங்க. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். வண்டி அலுங்காமல் தூக்கப்பட்டு, கொக்கி விடுபட்டு, பத்திரமாகத் தரைக்கு வந்தது.

எல்லோரும் போன பிறகு மாமியாரும் மாப்பிள்ளையும் பார்க்கிங் தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்து இன்னொரு பாட்டம் சிரித்தார்கள்.

"இதெல்லாம் இரவல் வாங்கற சாமான் இல்ல மாப்பிள்ளை. நமக்குன்னு ஒண்ணு வாங்குவோம்" என்றார் அத்தை. அந்த 'நமக்குன்னு' அவன் காதில் விழுந்து இனித்தது.

இந்தத் தடவை அவன் முன்னெச்சரிக்கையாக இருந்தான். பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற இரும்புக் கைகளுக்கு அடியில்தான் ஸ்டாண்டு உட்காரவேண்டும். அந்த இரண்டுக்கும் உள்ள அகலத்தை அளக்கவேண்டும். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்ன ஸ்கேலை எடுத்தான். கண்ணாடி போட வருகிறவர்களின் இரு கண்மணிகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை அளக்கிற ஸ்கேல் அது. ஒரு தடவை வைத்து எட்டாததால் இரண்டு தடவை வைத்து அளந்தான். அத்தை பக்கத்தில் குனிந்து, வண்டிக்குக் கிட்டப்பார்வையா தூரப்பார்வையா என்று கேட்டார். அவன் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று.

அதே வண்டியில், கடகடவென்ற சத்தத்தோடு, மெதுவாகக் கடைக்குப் போனார்கள். டயர் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவின் முனையில் இருந்தது அது. கூரையிலிருந்து விதவிதமான ஸ்டாண்டுகள் தொங்கின. கடைக்காரர் பருத்த மனிதர், ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்திய ஒரு வண்டியின் மேலேயே உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அவர் அத்தையைப் பார்த்துவிட்டு அம்மாவா என்று கேட்டார். மாமியார் என்றான் இவன். கடைக்காரர் உடனே முகத்தை மாற்றிக்கொண்டு இவனுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார். அதில் அத்தை உட்கார்ந்துகொண்டார்.

முதலில் காட்டியது ஹைட்ராலிக் மேஜை. வண்டியை மேலே ஏற்றி, காலால் மிதிக்க மிதிக்க இடுப்பு உயரத்துக்கு வரும். கண்ணாடிக்காரனுக்கு வாயில் எச்சில் ஊறியது. ஆனால் அது ஆஸ்பத்திரிக் கட்டில் அளவு இருந்தது. அதைப் பார்க்கிங்கில் போட்டால் மற்ற வண்டிகள் மொட்டைமாடிக்குத்தான் போகவேண்டும். அடுத்து ஒரு கம்பு மாதிரி முட்டு. சைடு ஸ்டாண்டு போட்டபடியே மறுபக்கம் அதைக் கொடுத்தால் சக்கரம் ஒரு விரற்கடை தூக்கும். அத்தை அதை ஒரு தடவை உலுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தரையில் வைக்கிற இரட்டை உருளை. பின்சக்கரத்தை அதன்மேல் ஏற்றினால் நின்ற இடத்திலேயே சுற்றும். இது அவனுக்குப் பிடித்துப்போனது. தூக்கவே வேண்டாமே?

"நல்லா சுத்துது" என்று அத்தையும் ஒப்புக்கொண்டார். "சரி, நாளைக்கு பஞ்சர் ஆகி சக்கரத்தைக் கழட்டணும்னா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

மிஞ்சியது அந்தப் படுத்த ப மாதிரி ஸ்டாண்டுதான். கொக்கிக்குப் பதில் ரப்பர் ஒட்டிய தட்டையான தாங்கிகள் வைத்தது. அதில் இரண்டு இருந்தன. ஒன்று கறுப்பு, லேசானது, மடித்து வைக்கலாம். இன்னொன்று சிவப்பு, கனமானது, கைப்பிடி நீளமானது, தாங்கிகளைத் தள்ளித் தள்ளி அகலத்தை மாற்றிக்கொள்ளலாம். அவன் கறுப்பைக் கையில் எடுத்தான், அத்தை சிவப்பை எடுத்தார்.

செருப்பு அலமாரிக்குப் பின்னால் செருகிவிடலாம், அவள் வந்து பார்த்தாலும் இடத்தை அடைக்கிறது என்று சொல்லமாட்டாள் என்றான் இவன். மடிகிற எதையும் நம்பக்கூடாது என்றார் அத்தை. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் மடக்கு நாற்காலி போட்டு, சிறப்பு விருந்தினர் அதிலேயே மடிந்துபோன கதையைச் சொன்னார். அது நாற்காலி, இது இரும்பு என்றான் அவன். அதுவும் இரும்புதான் என்றார் அவர். குரல்கள் ஏறின. கடைக்காரர் வண்டியிலிருந்து இறங்கிவிட்டார்.

"கொஞ்சம் சும்மா இருங்க மாப்பிள்ளை, எனக்குத் தெரியும்" என்றார் அத்தை.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கண்ணாடிக்காரனுக்கோ உச்சந்தலையில் குளிர்ந்த நீரை ஊற்றினாற்போல ஒரு குதூகலம். மனைவியிடம் அத்தை இப்படித்தான் பேசுவார். வேண்டியவர்களிடம்தான் இப்படிப் பேசுவார்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது அத்தை" என்றான், சந்தோஷம் தாங்காமல்.

இருவரும் சொந்தக்காரர்கள் மாதிரி அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். பிறகு அவன், சண்டையில் ஜெயித்துவிடுகிற நோக்கத்தில், ஸ்கேலை எடுத்துக் கறுப்பு ஸ்டாண்டின் வாயை அளந்தான். முழுக்க விரித்தும் வண்டிக்கு வேண்டியதில் இரண்டு விரல் குறைந்தது. தப்பாக அளந்தோமோ என்று திருப்பி வைத்துப் பார்த்தான். குறைந்ததுதான். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"பத்தாது" என்றான் மெல்ல.

"என்ன, காதுல விழல."

"பத்தாது அத்தை."

அத்தை பெருந்தன்மையாக ஒன்றும் நடந்துகொள்ளவில்லை. கடையில் இருந்த எல்லோரிடமும் திரும்பி, பத்தாதாம் என்று அறிவித்தார். பிறகு கடையில் நின்ற இன்னொரு வண்டியை அவனை நேராகப் பிடிக்கச் சொல்லி, சிவப்பு ஸ்டாண்டை அதன் அடியில் கொடுத்து, ஒரே உள்ளங்கையால் கைப்பிடியை அழுத்தினார். நீளமான கைப்பிடி ஆனதால் அவ்வளவு பெரிய வண்டி பூனைக்குட்டி போல எழுந்து நின்றது. இரண்டு தாங்கியும் சமமாக உட்கார்ந்திருந்தன. ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. கடைக்காரர் அதையே பில் போட்டார்.

வாங்கியாயிற்று, எடுத்துப்போவது எப்படி? வண்டியில் கட்ட இடம் இல்லை. அத்தை பின்சீட்டில் ஏறி, அந்தச் சிவப்பு ஸ்டாண்டைத் தலைவழியாக விட்டு ஒரு தோளில் சாய்த்து மாட்டிக்கொண்டார். அதன் சின்னச் சக்கரங்கள் அவர் காதுக்குப் பக்கத்தில் காற்றில் சுற்றின. சிக்னலில் நின்றபோது பக்கத்து காரிலிருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். அத்தை அவர்களுக்கு வணக்கம் வைத்தார். முன்னால் இருந்தவன் சிரித்த சிரிப்பில் பச்சை விளக்கு விழுந்தும் கிளட்சை விட மறந்தான்.

வீட்டுக்கு வந்ததும் தாங்கிகளின் அகலத்தை அவன் மயிரிழை பிசகாமல் வைத்து முடுக்கினான். அத்தை வண்டியை நேராகப் பிடித்தார். செருகினான். இரண்டு தாங்கியும் இரும்புக் கைகளைத் தொட்டனவா என்று இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு அழுத்தினான். வண்டி ஏறி நின்றது. அத்தை மெதுவாக ஒரு கையை எடுத்தார். பிறகு இன்னொரு கையையும் எடுத்தார். யாரும் பிடிக்காமலே வண்டி நின்றது. அவன் பின்சக்கரத்தைத் தட்டிவிட்டான். அது காற்றில் சுழன்றது. ஆளுக்கு ஒரு தடவை என்று மாறி மாறித் தட்டிவிட்டு, வேலையை மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அதன்பிறகு வேலை வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. அத்தை சக்கரத்தைச் சுற்ற, அவன் பிரஷ்ஷால் தேய்த்தான். கறுப்பாக அழுக்கு வழிந்து, உள்ளே இருந்து வெள்ளியாகச் செயின் வெளியே வந்தது. நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு பக்கத்து அளவுக் கோடுகளும் ஒன்றுபோல் வருகின்றனவா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தான். அது அவன் கண்ணுக்குப் பழகின வேலை. நடுவில் போன் அடித்தது. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான். மனைவி, காலையிலிருந்து யாரும் ஏன் எடுக்கவில்லை, அம்மா எங்கே என்று கேட்டாள்.

"கையெல்லாம் கிரீஸ். சாயந்திரம் பேசறேன்னு சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை.

"சாயந்திரம் பேசறாங்களாம்."

"யாரு அது உங்ககூட?" என்று கேட்டாள் மனைவி.

செயினுக்கு எண்ணெய் விட்டு, வழிந்ததைத் துடைத்து, வண்டியை இறக்கினார்கள். ஓட்டிப் பார்க்கவேண்டுமே என்று இருவரும் ஏறிக்கொண்டார்கள். தெருவில் இறங்கியதும் இருவரும் காதைத் தீட்டினார்கள். தகரப் பெட்டிச் சத்தம் போயே போய்விட்டது. எஞ்சின் மட்டும் மெல்ல முனகியது. காற்று முகத்தில் அடித்தது. அத்தை பின்னாலிருந்து, இன்னும் வேகமா, இன்னும் வேகமா என்று முதுகில் தட்டினார்.

தெரு முடிகிற இடத்தில், கட்டடம் இன்னும் எழும்பாத வெறும் சிமென்ட் தரை ஒன்று பெரிதாகக் கிடந்தது. அங்கே நிறுத்தச் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துல மொபெட் ஓட்டியிருக்கேன். கியர் வண்டி தொட்டதில்ல. ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா?"

மனைவிக்குத் தெரிந்தால் தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டே இறங்கினான். கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டினான். முதல் தடவை வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை கிளட்சை அவர் மெல்ல விட, வண்டி நகர்ந்தது, நகர்ந்துகொண்டே இருந்தது. அவன் பக்கத்தில் ஓடிப் பார்த்தான், முடியவில்லை, நடுவில் நின்றுவிட்டான். அத்தை அவனைச் சுற்றி வட்டம் போட்டார், முதுகை நேராக நிமிர்த்திக்கொண்டு, முதல் கியரிலேயே. விழுந்துவிடப் போகிறாரோ என்று அவரை விடாமல் பார்க்க, இவனும் நின்ற இடத்திலேயே சுற்றினான். ஒரே ஒரு ரவுண்டு என்றவர் நிறுத்துகிற வழியாக இல்லை.

"போதும் அத்தை, எனக்குத் தலை சுத்துது."

"அப்ப உக்காருங்க" என்று மைதானக் குரலில் பதில் வந்தது.

கண்ணாடிக்காரன் அப்படியே சிமென்ட் தரையில் உட்கார்ந்தான். தரையும் வானமும் தூரத்துக் கட்டடங்களும் அவனைச் சுற்றிக் கிறுகிறுவென்று போயின. அவற்றோடு சேர்ந்து அத்தையும் போனார், ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து அவனுக்கு ஆட்டிவிட்டு, பயந்துபோய் உடனே பிடித்துக்கொண்டு.